கோட்டுக்கு வெளியே நிற்பவர்



விளையாட்டுத் திடலைச் சுற்றி வெள்ளைக் கோடு ஒன்று போட்டிருப்பார்கள். கோட்டுக்கு உள்ளே ஆடுகிறவர்களை நாம் அறிவோம். அவர்களுடைய பெயர் பத்திரிகையில் வருகிறது. படம் சுவரில் தொங்குகிறது. சிறுவர் தம் சட்டையின் முதுகில் அவர்களுடைய எண்ணை எழுதிக்கொள்கிறார்கள். கோட்டுக்கு வெளியே ஒருவர் நின்றுகொண்டிருப்பார். கையைக் கட்டிக்கொண்டோ, கழுத்தில் தொங்கும் விசிலைப் பிடித்துக்கொண்டோ, உள்ளே நடப்பதை இமை கொட்டாமல் பார்ப்பார். ஆட்டம் தொடங்கிய பின் பந்தைத் தொடும் உரிமை அவருக்கு இல்லை. ஆயினும் தோல்வி வந்தால் முதலில் விசாரிக்கப்படுபவர் அவரே. அவரைத்தான் பயிற்சியாளர் என்கிறோம்.

இம்மாதம் அவரைப் பற்றிச் சிந்திக்க விழைகிறோம். அதிலும், கோட்டுக்கு உள்ளே நின்று உலகம் வியக்கும் வெற்றியைப் பெற்ற பின், கோட்டுக்கு வெளியே வந்து நின்ற ஒரு தமிழரைப் பற்றி எழுத எண்ணுகிறோம். விளையாட்டைப் பற்றிக் குடும்ப இதழில் எழுதுவானேன் என்று சிலர் கேட்கலாம். படித்து முடித்த பின், இது விளையாட்டைப் பற்றியது மட்டுந்தானா என்பதை அவர்களே தீர்மானித்துக்கொள்ளட்டும்.

வாசுதேவன் பாஸ்கரன் 1950ஆம் ஆண்டு ஆகஸ்டு 17ஆம் நாள் பிறந்தவர். சென்னையில் சேசு சபையார் நடத்தும் லயோலா கல்லூரியில் பயின்றவர். நம் தமிழ்ப் பாடநூல்கள் வளைகோல் பந்தாட்டம் என்று எழுதுகிற ஹாக்கியில் அவர் ஆடிய இடம் ‘இடது ஹாஃப்’. அதாவது, முன்னே நின்று கோல் அடிக்கும் வீரர்களுக்கும் பின்னே நின்று கோலைக் காக்கும் வீரர்களுக்கும் நடுவில், திடலின் இடப்பக்கத்தில் நிற்கும் இடம்.

அந்த இடத்தின் கஷ்டத்தைச் சற்று விளக்குவது நலம். ஹாக்கி மட்டைக்கு ஒரு பக்கம்தான் தட்டையாக இருக்கும், மறுபக்கம் உருண்டிருக்கும். உருண்ட பக்கத்தால் பந்தைத் தொட்டால் நடுவர் ஊதிவிடுவார். இடப்பக்கத்தில் காவல் நிற்பவரை எதிரணியின் வலப்பக்க வீரர் கடந்து ஓடும்போது, பந்து பெரும்பாலும் இவருடைய இடக்கைப் புறமாகவே வரும். நொடிப்பொழுதில் மட்டையைத் தலைகீழாகத் திருப்பித் தடுக்க வேண்டும். தடுத்த பந்தைத் தாமே கொண்டு ஓடிக் கோல் அடிக்கும் வாய்ப்பும் இவருக்கு அரிது. முன்னே நிற்பவருக்குத் தள்ளிவிட வேண்டும். கோல் விழுந்தால் அடித்தவர் பெயர் நிற்கும். பந்தை எடுத்துக் கொடுத்தவர் பெயர் மறைந்துவிடும். பிறர் வெல்வதற்காகத் தாம் உழைக்கும் பழக்கம், ஆடிய நாளிலேயே பாஸ்கரனுக்கு அமைந்திருந்தது எனலாம்.

1976ஆம் ஆண்டு கனடா நாட்டு மான்ட்ரியல் நகரில் நடந்த ஒலிம்பிக்கில் அவர் இந்தியாவுக்காக ஆடினார். ஒலிம்பிக் ஹாக்கி புல்தரையை விட்டுச் செயற்கைத் தரைக்கு மாறியது அந்த ஆண்டில்தான். புல்லில் பந்து துள்ளும், தயங்கும், கைத்திறன் உள்ளவனுக்கு ஒரு கணம் யோசிக்க நேரம் கொடுக்கும். செயற்கைத் தரையில் பந்து வழுக்கிக்கொண்டு பறக்கும். ஓட்டமும் உடல் வலிவும் மிகுந்த நாடுகளுக்கு அது கைகொடுத்தது. முந்திய ஆண்டில்தான் கோலாலம்பூரில் உலகக் கோப்பையை வென்றிருந்த இந்தியா, மான்ட்ரியலில் ஏழாம் இடத்துக்கு இறங்கியது. 1928 முதல் அதுகாறும் ஒவ்வொரு ஒலிம்பிக்கிலும் ஹாக்கியில் பதக்கம் பெற்றுவந்த நாடு, முதன்முறையாக வெறுங்கையோடு திரும்பியது.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1980இல் மாஸ்கோ. அணித் தலைமை பாஸ்கரனிடம் வந்தது. மான்ட்ரியல் சென்ற பதினாறு பேரில் மாஸ்கோ அணியிலும் இருந்தவர்கள் இருவரே. ஒருவர் கோல் காவலர் பீர் பகதூர் சேத்ரி, மற்றவர் பாஸ்கரன். ஏனையோருக்கு ஒலிம்பிக் புதிது. எனவே அணித்தலைவர் என்ற பெயரில் அவர் அப்போதே ஓர் ஆசிரியராகவும் இருக்க வேண்டியதாயிற்று.

சோவியத் ராணுவம் ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்ததைக் கண்டித்துப் பல நாடுகள் அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்தன. பாகிஸ்தான், மேற்கு ஜெர்மனி, நெதர்லாந்து, ஆஸ்திரேலியா ஆகிய பெரிய அணிகள் வரவில்லை. ஆறு அணிகளே ஆடின. இதை மறைத்துப் பேசுவது முறையாகாது. ஆனால் வந்த அணிகளை வென்றே தீர வேண்டும் என்பதும் உண்மைதானே? இந்தியா தான்சானியாவை 18-0 என்றும், கியூபாவை 13-0 என்றும் வென்றது. போலந்துடனும் ஸ்பெயினுடனும் 2-2 எனச் சமன் செய்தது. சோவியத் அணியை 4-2 என வென்றது. இறுதி ஆட்டத்தில் மீண்டும் ஸ்பெயின்.

ஜூலை 29ஆம் நாள் நடந்த அந்த ஆட்டத்தில், சுரீந்தர் சிங் சோதி இரண்டு கோலும் மகாராஜ் கிருஷன் கௌசிக் ஒரு கோலும் அடிக்க, இந்தியா 3-0 என முந்தியது. இனிக் கவலையில்லை என்று நினைத்த வேளையில் ஸ்பெயினின் வான் அமாத் இரண்டு கோல்களைத் திருப்பினார். முகமது ஷாகித் நான்காவது கோலை அடித்தார். அமாத் மறுபடியும் ஒன்று அடித்தார். 4-3. எஞ்சிய நிமிடங்களைப் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கி, இந்தியா தன் எட்டாவது ஒலிம்பிக் தங்கத்தைப் பெற்றது. பாஸ்கரனுக்கு முப்பது வயது நிறைய அன்று மூன்று வாரங்களும் இல்லை.

1924க்குப் பிந்திய எத்தனையோ ஒலிம்பிக்குகளைக் கண்ட இந்திய ஹாக்கிக்கு, 2024 பாரிஸ் முடிய, அதற்குப் பின் இன்னொரு தங்கம் வரவில்லை. அந்தக் கடைசித் தங்கத்தின் தலைவர் ஒரு தமிழர். அர்ஜுனா விருதும் பத்மஸ்ரீ விருதும் அவரைத் தேடி வந்தன.

இங்கே ஒரு கணம் நிற்போம். இப்படிப்பட்ட பெருமையைப் பெற்ற ஒருவர், அதன்பின் வாழ்நாள் முழுவதும் என்ன செய்யலாம்? விழாக்களுக்குத் தலைமை தாங்கலாம். பரிசு வழங்கலாம். மாலைகளை ஏற்றுக்கொண்டு பழைய கதையைச் சொல்லலாம். அதில் குற்றம் ஏதுமில்லை. பெட்டியில் பூட்டிவைத்த நகை தேயாது. அதைப் போலவே, பழைய வெற்றியும் பூட்டி வைத்தால் பத்திரமாக இருக்கும்.

பாஸ்கரன் பெட்டியைத் திறந்தார். இந்திய அணியின் பயிற்சியாளர் பொறுப்பை ஏற்றார்.

2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்குக்குச் சென்ற அணிக்கு ரமன்தீப் சிங் தலைவர், பாஸ்கரன் பயிற்சியாளர். தன்ராஜ் பிள்ளையும், ஒடிசாவின் சுந்தர்கர் மாவட்டத்திலிருந்து வந்த திலீப் திர்க்கியும் அந்த அணியில் இருந்தார்கள். அர்ஜென்டினாவை 3-0 என வென்றது இந்தியா. வலிமைமிக்க ஆஸ்திரேலியாவை அதன் சொந்த மண்ணிலேயே 2-2 எனத் தடுத்தது. கொரியாவிடம் 0-2 எனத் தோற்றது. ஸ்பெயினை 3-2 என வென்றது. பிரிவின் கடைசி ஆட்டம் போலந்துடன். அதில் வென்றால் அரையிறுதி. இருபது ஆண்டுகளுக்குப் பின் பதக்கத்தின் வாசலில் நின்றது இந்தியா.

இந்தியா 1-0 என முன்னணியில் இருந்தது. ஆட்டம் எழுபது நிமிடம். அறுபத்தெட்டு நிமிடம் கடந்துவிட்டது. இரண்டு நிமிடத்துக்கும் குறைவான நேரமே மிச்சம் இருந்தபோது போலந்து ஒரு கோல் அடித்துவிட்டது. 1-1. அவ்வளவுதான். அரையிறுதி இடம் கொரியாவுக்குப் போயிற்று. அந்தக் கொரியா இறுதி ஆட்டம் வரை சென்று, நெதர்லாந்திடம் பெனால்டி அடிகளில் மட்டுமே தோற்று, வெள்ளியோடு திரும்பியது. இந்தியாவுக்குக் கிடைத்தது ஏழாம் இடம். மான்ட்ரியலில் ஆட்டக்காரராக அவர் கண்ட அதே ஏழாம் இடம்.

இருபது ஆண்டுகளுக்கு முன் மாஸ்கோவில், ஒரே ஒரு கோல் முன்னிலையோடு கடைசி நிமிடங்களைத் தாங்கி நின்றவர் அவர். அன்று அவர் கையில் மட்டை இருந்தது. ஓடலாம், தடுக்கலாம், பக்கத்தில் நிற்பவனைச் சத்தமிட்டுச் சரிப்படுத்தலாம். சிட்னியிலும் அதே நிலை. ஒரு கோல் முன்னிலை, சில நிமிடங்கள். இப்போது அவர் கோட்டுக்கு வெளியே. ஆளை மாற்றி அனுப்பலாம். அதற்கு மேல் செய்ய ஒன்றுமில்லை. தமக்குத் தெரிந்த வித்தை முழுவதும் தம்மிடம் இருக்க, வேறொருவருடைய கால்களும் கைகளும் அதைச் செய்து முடிக்கக் காத்திருக்க வேண்டும். கற்பிக்கிறவனின் வேதனை இதுதான். பெற்றோராய் இருப்பவர்களுக்கு இதை நாம் விளக்க வேண்டியதில்லை. தேர்வுக் கூடத்தின் வாசலில் பிள்ளையை விட்டுவிட்டு, வேப்பமரத்தடியில் நிற்கும் தகப்பனுக்கும், பிரசவ அறைக்கு வெளியே நிற்கும் தாய்க்கும் இது தெரியும்.

சிட்னியோடு அவர் ஒதுங்கியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆயினும் 2006இல் ஜெர்மனியின் மொன்ஷன்கிளாட்பாக் நகரில் நடந்த உலகக் கோப்பைக்கும் அவர் பயிற்சியாளராகச் சென்றார். பன்னிரண்டு அணிகள் கலந்துகொண்ட அப்போட்டியில் இந்தியாவுக்குக் கிடைத்தது பதினோராம் இடம். சிட்னியில் ஏமாற்றம் இரண்டு நிமிடத்தில் வந்தது; ஜெர்மனியில் அது போட்டி முழுவதும் நீடித்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 2008இல், பெய்ஜிங் ஒலிம்பிக்குக்கே இந்திய ஆடவர் அணி தகுதி பெறவில்லை. எண்பது ஆண்டுகளில் அப்படி நேர்ந்தது அதுவே முதன்முறை. எனவே நோய் ஒரு பயிற்சியாளரிடம் இருந்ததன்று, வேர் ஆழமானது. செயற்கைத் தரைத் திடல்கள் நாட்டில் போதுமான அளவு இல்லை. பயிற்சியாளர்களை அடிக்கடி மாற்றினார்கள். நட்ட நாற்றை நாள்தோறும் பிடுங்கி, வேர் விட்டதா என்று பார்த்தால் பயிர் எப்படி வளரும்?

அப்படியானால் பாஸ்கரன் பயிற்சியாளராகத் தோற்றவரா? பதக்கப் பட்டியலை மட்டும் பார்த்தால் ஆம் என்றுதான் சொல்ல வேண்டும். நாம் அந்தப் பட்டியலை அலட்சியம் செய்யவில்லை. ஆட்டம் என்றால் வெற்றி தோல்வி உண்டு, கணக்கும் உண்டு. ஆனால் அந்தக் கணக்கில் எழுதப்படாத ஒன்று இருக்கிறது. இழப்பதற்கு ஏதும் இல்லாதவன் துணிந்து இறங்குவது பெரிதன்று. நாட்டின் கடைசித் தங்கத்தைத் தன் பெயரில் வைத்திருப்பவன், அந்தப் பெயரையே பணயமாக வைத்து, பிறர் பிள்ளைகளுக்குக் கற்பிக்க இரண்டு முறை வந்து நின்றானே, அது பெரிது. சேர்த்த பெருமையைச் செலவழிக்க முன்வருகிறவனே ஆசிரியன்.

உலகில் வேறு இடங்களிலும் இதைக் காண்கிறோம். ஸ்காட்லாந்து நாட்டில் ரக்பி என்றொரு ஆட்டம் மிகப் பிரபலம். ஓர் அணிக்குப் பதினைந்து பேர். முட்டை வடிவமான பந்து. அதைக் கையில் ஏந்திக்கொண்டு ஓட வேண்டும். அந்த ஆட்டத்துக்கு நம் நாட்டோடு ஓர் உறவு உண்டு. கல்கத்தாவில் ஆங்கிலேயர் நடத்திய ரக்பி கழகம் ஒன்று கலைந்தபோது, வங்கியில் எஞ்சிய பணத்தை வெள்ளி ரூபாயாக எடுத்து, உருக்கி, நாகப்பாம்பு வடிவில் மூன்று கைப்பிடியும் மூடியின்மேல் யானையும் வைத்து ஒரு கோப்பை செய்தார்கள். 1879 முதல் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் அந்தக் கல்கத்தாக் கோப்பைக்காக மோதிவருகின்றன.

ரக்பியில் ஒரு விதி நம்மைச் சிந்திக்க வைக்கிறது. கையில் உள்ள பந்தை முன்னோக்கி எறியக்கூடாது. தனக்குப் பின்னால் ஓடிவருபவனிடம்தான் கொடுக்க வேண்டும். தான் பிடிபட்டு விழும்போது, பந்து பின்னால் வருபவன் கையில் இருந்தால் அணி முன்னேறும்; தானே இறுக்கி வைத்துக்கொண்டால் அங்கேயே நின்றுவிடும்.

அந்நாட்டு ஜிம் டெல்ஃபர் 1964 முதல் 1970 வரை ஸ்காட்லாந்துக்காக ஆடியவர். தொழிலால் பள்ளி ஆசிரியர், வேதியியல் கற்பித்தவர், பின்னாளில் ஹாவிக் ஊர் உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியர். ஆட்டத்தை விட்டபின் பயிற்சியாளரானார். 1983இல், பிரிட்டனும் அயர்லாந்தும் சேர்ந்து அமைக்கும் ‘லயன்ஸ்’ அணியை நியூசிலாந்துக்கு அழைத்துச் சென்றார். நான்கு பெரிய ஆட்டங்கள், நான்கிலும் தோல்வி. இதோடு இவர் காலம் முடிந்தது என்று பலரும் எண்ணியிருக்கக்கூடும். மறு ஆண்டே, 1984இல், அவர் பயிற்றுவித்த ஸ்காட்லாந்து அணி வேல்ஸ், இங்கிலாந்து, அயர்லாந்து, பிரான்ஸ் ஆகிய நான்கு நாடுகளையும் ஒரே பருவத்தில் வென்றது. 1925க்குப் பின் ஸ்காட்லாந்து அதைச் சாதித்தது அப்போதுதான். 1999இல் ஐந்து நாடுகள் போட்டியையும் அவர் பயிற்சியில் ஸ்காட்லாந்து வென்றது. டெல்ஃபருக்கு மறுவாய்ப்பு உடனே கிடைத்தது, பலனும் வந்தது. எல்லோருக்கும் அப்படி அமைவதில்லை. ஆனால் 1983இல் அழைத்துச் சென்றவரும் 1984இல் வென்றவரும் ஒரே மனிதர்தாம்; ஒரே வித்தைதான். இடையில் மாறியது பலன் மட்டுமே என்பதை மறந்துவிடக் கூடாது.

நம் தமிழ் மரபு ஆசிரியனை எப்படி அளந்தது? நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர், நல்லாசிரியனை நிலத்துக்கும் மலைக்கும் தராசுக்கும் பூவுக்கும் ஒப்பிட்டார். தோண்டுகிறவனையும் தாங்கும் நிலத்தின் பொறுமை. மழை பொய்த்தாலும் நீர் தரும் மலையின் வள்ளன்மை. எப்பக்கமும் சாயாத தராசு முள்ளின் நடுநிலைமை. எல்லோரும் விரும்பும் பூவின் மென்மை. இந்நான்கும் விளையாட்டுப் பயிற்சியாளருக்கும் அப்படியே பொருந்தும். அணிக்குப் பதினொருவரைத் தேர்ந்தெடுக்கையில், இவன் என் ஊரான், இவன் பெரிய இடத்துப் பிள்ளை என்று தராசு சாய்ந்தால் அங்கேயே எல்லாம் முடிந்தது. மாணவன் வெல்ல வேண்டும் என்பதை அந்த ஒப்புமைகளில் எதுவும் நிபந்தனையாக வைக்கவில்லை என்பதையும் கவனியுங்கள். அளக்கப்படுவது ஆசிரியனின் குணம். மாணவனின் மதிப்பெண் அன்று.

மறுபக்கத்தையும் நம் இலக்கியம் மறக்கவில்லை. ஏலாக்குறிச்சியில் வாழ்ந்த வீரமாமுனிவர் எழுதிய பரமார்த்த குருவின் கதை இவ்வட்டாரத்தில் தெரியாதவர் இலர். அந்தக் குருவுக்குச் சீடர்மேல் அன்பு உண்டு. ஆனால் ஒன்றும் தெரியாது. அன்பு மட்டும் போதாது, அறிவும் வேண்டும் என்பதைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லும் நூல் அது. தாம் ஆடிக் கற்றதைப் பிறர்க்குச் சொல்ல வருகிறவரிடம் அந்த அறிவு இருக்கிறது. அதைச் சொல்லும் பொறுமையும் இருந்துவிட்டால், அத்தகைய ஆசிரியரைவிட ஒரு சிறுவனுக்குக் கிடைக்கும் செல்வம் வேறில்லை.

மாஸ்கோ அணியில் பாஸ்கரனோடு ஆடிய கௌசிக்கும் பயிற்சியாளரானவரே. 1998இல் பாங்காக் ஆசிய விளையாட்டில் தன்ராஜ் பிள்ளை தலைமையில் இந்தியா தங்கம் வென்றபோது கோட்டுக்கு வெளியே நின்றவர் அவர். ஆசிய விளையாட்டு ஹாக்கியில் இந்தியாவுக்கு 32 ஆண்டுகளுக்குப் பின் கிடைத்த தங்கம் அது. பின்னர் பெண்கள் அணிக்கும் பயிற்சி தந்தார். 2021 மே 8ஆம் நாள், கொரோனா கொள்ளைநோய் அவரைக் கொண்டுபோயிற்று. அதே நாளில், அதே நோயால், மாஸ்கோ அணியின் ரவீந்தர் பால் சிங்கும் மறைந்தார். மூன்று மாதம் கழித்து, ஆகஸ்டு 5ஆம் நாள், டோக்கியோவில் இந்தியா ஜெர்மனியை 5-4 என வென்று வெண்கலம் பெற்றது. 41 ஆண்டுக் காத்திருப்பு முடிந்தது. அதைக் காண அவ்விருவரும் இல்லை. விதைத்தவன் ஒருவன், அறுப்பவன் ஒருவன் என்பது வயலில் மட்டும் நடப்பதன்று.

டோக்கியோவிலும் 2024 பாரிசிலும் இந்தியாவின் கோலைக் காத்து இரண்டு வெண்கலம் பெற்ற நம் பக்கத்து மாநிலத்துக்காரர் பி. ஆர். ஸ்ரீஜேஷ், பாரிஸ் முடிந்ததும் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்று, இளையோர் அணியின் பயிற்சியாளரானார். 2025 இறுதியில் சென்னையிலும் மதுரையிலும் இளையோர் உலகக் கோப்பை நடந்தது. அரையிறுதியில் ஜெர்மனியிடம் தோற்ற அவருடைய பிள்ளைகள், அர்ஜென்டினாவுக்கு எதிரே பின்தங்கியிருந்து மீண்டு, 4-2 என வென்று வெண்கலம் பெற்றார்கள். அவரும் பெட்டியைத் திறந்தவர்தாம்.

இனி, நம் மாவட்டத்துக்கே வருவோம். 2022 மே மாதம் இந்தோனேசியாவின் ஜகார்த்தா நகரில் ஆசியக் கோப்பை ஹாக்கி. முதல் ஆட்டமே பாகிஸ்தானோடு. இந்தியாவுக்காக அன்று விழுந்த ஒரே கோலை அடித்தவர் அரியலூரைச் சேர்ந்த செல்வம் கார்த்தி. நாட்டுக்காக அவர் ஆடிய முதல் ஆட்டம் அது. கோவில்பட்டியின் மாரீஸ்வரனும் அந்த அணியில் இருந்தார். அணி வெண்கலத்தோடு திரும்பியது. அன்று கோட்டுக்கு வெளியே நின்ற பயிற்சியாளர் சர்தார் சிங். 2014இல் இந்தியா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்றபோது அணித்தலைவராக இருந்தவர். மறு ஆண்டு, 2023 ஆகஸ்டில், சென்னையில் நடந்த ஆசிய சாம்பியன்ஸ் கோப்பையை இந்தியா வென்றபோதும் கார்த்தி அணியில் இருந்தார். தமிழ் மண்ணில் தமிழர் ஒருவர் கோல் அடித்ததைத் தமிழர் கூட்டம் கண்டு ஆரவாரித்தது.

சுண்ணாம்புக்கல் சுரங்கங்களுக்கும் சிமெண்டு ஆலைகளுக்கும் பெயர்போன அரியலூரிலிருந்து ஒரு பையன் அந்த இடத்தை எப்படி அடைந்தான்? கால்கள் அவனுடையவை, உழைப்பு அவனுடையது. ஆனால் அவன் கையில் முதன்முதலாக மட்டையைக் கொடுத்து, குனிந்து நிற்கக் கற்றுக்கொடுத்து, விடியற்காலையில் திடலில் காத்து நின்ற யாரோ சிலர் இருந்திருக்க வேண்டுமே. எந்த விளையாட்டு வீரனுக்கும் அப்படிச் சிலர் இருப்பார்கள். அவர்களுடைய பெயர் பதக்கத்தின் பின்புறத்தில்கூடப் பொறிக்கப்படுவதில்லை.

நம் வீடுகளில் ஒரு கேள்வி அடிக்கடி எழுகிறது: “விளையாட்டு சோறு போடுமா?” ஏழ்மையைக் கண்டவர்கள் கேட்கும் நியாயமான கேள்வி, அதை நாம் எள்ளி நகையாட மாட்டோம். விளையாடுகிற ஆயிரம் பேரில் ஒருவர்கூட நாட்டு அணிக்குப் போவதில்லை என்பது உண்மை. ஆனால் அந்த ஆயிரம் பேரும் ஒன்றைக் கற்கிறார்கள். தோற்ற பின் எதிரியின் கையைக் குலுக்குவது, நடுவர் ஊதினால் நிற்பது, பந்தைத் தன்னிலும் நல்ல இடத்தில் நிற்பவனுக்குக் கொடுப்பது. இவற்றைக் கரும்பலகையில் எழுதிக் கற்பிக்க முடியாது. குடும்பம் நடத்தவும், கூட்டாகத் தொழில் செய்யவும், வயதான பெற்றோரைத் தாங்கவும் இவைதாம் வேண்டும்.

பள்ளிகளில் உடற்கல்விக்கென்று பாடவேளை உண்டு. பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் நெருங்கும்போது அந்த வேளையைக் கணக்குக்கும் அறிவியலுக்கும் எடுத்துக்கொள்வது பல இடங்களில் வழக்கமாகிவிட்டது. உடற்கல்வி ஆசிரியரை ஊர்வலத்தில் வரிசை பார்க்கவும், ஆண்டு விழாவில் நாற்காலி போடவும் மட்டும் கூப்பிடுகிறோம். பெற்றோர் கூட்டத்துக்குச் சென்றால் எல்லா ஆசிரியரையும் பார்த்துவிட்டு, அவரை மட்டும் பார்க்காமல் திரும்புகிறோம். அடுத்த முறை செல்லும்போது அவரிடமும் ஒரு வார்த்தை பேசுங்கள். “எங்கள் பையன் எப்படி ஆடுகிறான்?” என்று கேளுங்கள். “தோற்றால் எப்படி நடந்துகொள்கிறான்?” என்றும் கேளுங்கள். உங்கள் பிள்ளையைப் பற்றி வேறெந்த ஆசிரியரும் சொல்லாத ஒன்றை அவர் சொல்லக்கூடும்.

நம் ஊர்களில், ஒரு காலத்தில் மாவட்டத்துக்காகவோ கல்லூரிக்காகவோ கபடியும் கால்பந்தும் கைப்பந்தும் ஆடியவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். பழைய கோப்பைகள் அவர்கள் வீட்டு அலமாரியில் கறுத்துக் கிடக்கின்றன. அவர்களுக்கு நம் வேண்டுகோள் இது: மாலையில் ஒரு மணி நேரம் திடலுக்கு வாருங்கள். சிறுவர்களும் சிறுமியரும் அங்கே வழிகாட்டி இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறார்கள். நீங்கள் பயிற்றுவிக்கும் அணி தோற்றுப்போகலாம்; “அந்தக் காலத்தில் இவர் பெரிய ஆட்டக்காரராம், இப்போது பாருங்கள்” என்று டீக்கடையில் யாராவது பேசலாம். பேசட்டும். ஒலிம்பிக் தங்கத்தைக் கையில் வைத்திருந்தவரே அந்தப் பேச்சுக்கு அஞ்சி வீட்டில் இருந்துவிடவில்லை.

பெற்றோர்களே, பிள்ளையின் வாழ்வில் நாம் எல்லோரும் கொஞ்ச காலம்தான் கோட்டுக்கு உள்ளே இருக்கிறோம். கைப்பிடித்து நடத்துகிறோம், ஊட்டுகிறோம், தூக்கிவிடுகிறோம். பிறகு ஒரு நாள் நாம் கோட்டுக்கு வெளியே வந்துவிட வேண்டும். அவர்கள் ஆடுவார்கள், நாம் பார்த்து நிற்போம். கடைசி இரண்டு நிமிடத்தில் என்ன நடக்கும் என்பது நம் கையில் இல்லை. நமக்குத் தெரிந்ததைக் குறைவறச் சொல்லிக் கொடுத்தோமா, தராசு சாயாமல் நடந்தோமா, தோற்று வந்தாலும் வாசலில் நின்றோமா என்பவையே நம் கையில் உள்ளவை.

அடுத்த மாதம் மீண்டும் சந்திப்போம்.